மழலையும் மறுமொழியும்

அந்தி மயங்கும் வேளை. பகலெல்லாம் உழைத்துக் களைத்த தந்தை வீடு திரும்பித் திண்ணையில் அமர்ந்திருக்கின்றார். முற்றத்தில் அவருடைய இரண்டு வயது மகள், ஈர மண்ணில் ஊரும் மரவட்டை ஒன்றைக் குந்தியிருந்து உற்று நோக்குகின்றாள். சின்னஞ்சிறு விரலால் அதனைத் தொடுகின்றாள். தொட்ட அளவில் மரவட்டை சுருண்டு வட்டமாகிவிடுகின்றது. குழந்தைக்கு வியப்புத் தாங்கவில்லை. உலகம் தோன்றிய நாள் முதல் எவரும் காணாத புதுமை ஒன்றைத் தான் கண்டுவிட்டதாகவே அவள் எண்ணுகின்றாள். அவ்வியப்பைத் தன்னுள்ளே அடக்கி வைக்க அவளுக்கு ஆற்றல் இல்லை. யாருக்கேனும் காட்டியாக வேண்டும். "அப்பா!" என்று அழைத்துக்கொண்டு திண்ணைக்கு ஓடுகின்றாள்.

தந்தையின் கையில் கைப்பேசி இருக்கின்றது. அவர் முகம் அதன் ஒளித்திரையின்மேல் கவிந்திருக்கின்றது. "உம்" என்கின்றார். "அப்பா, பூச்சி!" என்கின்றாள் குழந்தை. "இரு அம்மா, வருகிறேன்" என்கின்றார். ஆனால் முகம் நிமிரவில்லை. மூன்றாம் முறை குழந்தை அழைக்கவில்லை. திண்ணைமேல் ஏறி, மண் படிந்த கையால் தந்தையின் மோவாயைப் பற்றி, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்புகின்றாள்.

இஃது ஒரு வீட்டில் மட்டும் நிகழும் காட்சி அன்று. இன்று எண்ணிறந்த இல்லங்களில் நாள்தோறும் நிகழ்வது. குழந்தையின் செயலில் ஆழ்ந்த உண்மை ஒன்று அடங்கியுள்ளது. தந்தை "உம்" என்று சொன்னமையால் அவர் காது தன் பக்கம் இருப்பதைக் குழந்தை அறியும். எனினும் அது போதவில்லை. அவள் வேண்டியது முகம். முகம் திரும்பினாலன்றி மறுமொழி கிடைத்ததாகக் குழந்தை உள்ளம் கொள்வதில்லை. அம்மறுமொழி குழந்தையின் வளர்ச்சிக்கு எத்துணை இன்றியமையாதது என்பதையும், கைப்பேசி அதற்கு எவ்வாறு இடையூறாகின்றது என்பதையும் ஆராய்வது பயனுடையதாகும்.

முகமே முதற் பாடம்

பிறந்த குழந்தைக்குத் தொலைவில் உள்ள பொருள் தெளிவாகத் தெரிவதில்லை. ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதையே அது ஓரளவு நன்கு காண இயலும். அஃதாவது, ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த தொலைவு. மடியில் கிடந்து பால் அருந்தும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள இடைவெளி அதுவே அன்றோ! இவ்வுலகில் குழந்தை முதன்முதலாகப் படிக்கும் ஏடு தாய்முகமே ஆகும்.

இரண்டாம் திங்கள் அளவில் குழந்தை முகம் நோக்கிச் சிரிக்கின்றது. தாயும் சிரிக்கின்றாள். 'ஆ' என்று குழந்தை ஒலி எழுப்பினால் தாயும் 'ஆ' என்கின்றாள். ஓராண்டு நிரம்பும் காலத்தில் குழந்தை விரல் நீட்டிச் சுட்டத் தொடங்குகின்றது. காகத்தைச் சுட்டிவிட்டு உடனே தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கின்றது. 'நான் கண்டதை நீயும் கண்டனையோ?' என்பது அப்பார்வையின் பொருள். "ஆமாம், காக்கா!" என்று தாய் சொல்லும்பொழுது, பொருளும் பெயரும் அன்பும் ஒருங்கே குழந்தையின் உள்ளத்தில் பதிகின்றன. இவ்வாறு குழந்தை ஒன்றைத் தர, பெரியவர் ஒன்றைத் திருப்பித் தர, பந்தாட்டம் போல் நிகழும் இக்கொடுக்கல் வாங்கலே மொழிக்கும் அறிவுக்கும் உறவுக்கும் அடிப்படை.

இப்பருவத்தில் மூளையின் வளர்ச்சியும் மிக விரைவானது. பிறக்கும்பொழுது வளர்ந்தோர் மூளையின் அளவில் ஏறத்தாழக் கால் பங்கே உள்ள குழந்தையின் மூளை, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் முக்கால் பங்கு அளவை எட்டுகின்றது. வாழ்நாளில் வேறு எக்காலத்தும் இத்தகைய விரைவு இல்லை. ஆதலின், இக்காலத்தில் கிடைக்கும் மறுமொழி ஒவ்வொன்றும் விதைப் பருவத்தில் பெய்யும் மழையை ஒக்கும்.

பிள்ளைத்தமிழ் உணர்த்தும் உண்மை

இவ்வுண்மையைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை சான்றாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீது பிள்ளைத்தமிழ் பாடினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மை மீது பாடினார். குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்துப் பாடுவது இந்நூல்களின் மரபு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் முதல் ஏழு பருவங்களும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொதுவானவை.

இப்பருவங்களின் இயல்பை உற்று நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். குழந்தை கையூன்றித் தலை நிமிர்ந்து ஆடும்பொழுது, 'ஆடுக' என்று வேண்ட எதிரே ஒருவர் இருத்தல் வேண்டும். தாலாட்டுக்குப் பாடும் நா வேண்டும். சப்பாணி கொட்டுவதற்குக் கூடவே கை கொட்டிக் காட்டுவோர் வேண்டும். முத்தம் தருக என்று கேட்பதற்கும், தளர்நடையிட்டு வரும் குழந்தையைக் கை நீட்டி வருக என்று அழைப்பதற்கும், வானத்து மதியைக் காட்டி இவளோடு ஆட வா என்று கூவுவதற்கும் குழந்தையின் முகத்தையே நோக்கும் ஒரு முகம் வேண்டும். குழந்தை தனித்துச் செய்யும் செயலாக இவற்றுள் எதுவும் பாடப்படவில்லை. அழைப்பும் மறுமொழியுமே குழந்தைப் பருவம் என்று பழம்புலவர் கண்டனர்.

ஆய்வாளர் கண்டவை

புலவர் பாடியதை இக்காலத்து உளநூல் அறிஞர் சோதனைகளால் மெய்ப்பித்துள்ளனர். அவற்றுள் சில அறியத்தக்கவை.

1985 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சிலர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உறுதியான கண்ணாடித் தளம் ஒன்றின் பாதி வரை கீழே பலகையும், மறு பாதியில் பள்ளமும் தெரியுமாறு அமைத்தனர். ஒரு வயதுக் குழந்தைகள் அதன்மேல் தவழ்ந்து, பள்ளம் போலத் தோன்றும் இடத்துக்கு வந்ததும் தயங்கி நின்று, எதிர்ப்புறம் நின்ற தாயின் முகத்தைப் பார்த்தனர். தாய் மகிழ்ந்த முகம் காட்டியபொழுது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து சென்றனர். தாய் அஞ்சிய முகம் காட்டியபொழுது 17 குழந்தைகளில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. தாய் ஒரு சொல்லும் சொல்லவில்லை, முகமே வழிகாட்டியது. இருட்டில் நடப்பவனுக்குக் கைவிளக்கு எப்படியோ, அப்படியே குழந்தைக்குப் பெற்றோர் முகம்.

அம்முகம் மறுமொழி தராவிடின் என்ன ஆகும்? எட்வர்டு டிரானிக் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞரும் அவருடைய துணைவரும் 1978 ஆம் ஆண்டில் இவ்வினாவுக்கு விடை கண்டு வெளியிட்டனர். தாய் முதலில் தன் கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடினாள். பின்னர் ஆய்வாளர் சொற்படி, குழந்தையின் எதிரிலேயே சில மணித்துளிகள் முகத்தில் எவ்வகை அசைவும் காட்டாமல் இருந்தாள். குழந்தை முதலில் தாயைப் பார்த்துச் சிரித்தது. மறுசிரிப்பு வரவில்லை. மீண்டும் பார்த்தது, மீண்டும் முயன்றது. பல முறை முயன்றும் பயன் இன்மையால், இறுதியில் முகத்தையும் உடலையும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. தாய் அங்கேயே இருக்கின்றாள். ஆயினும் குழந்தையைப் பொறுத்தவரை அவள் அங்கு இல்லை!

இச்சோதனை நிகழ்ந்த காலத்தில் திரையுடைய கைப்பேசி உலகில் இல்லை. 2007 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஸ்டீவ் ஜாப்ஸ் என்பார் ஐபோன் என்னும் கருவியை அறிமுகம் செய்தார். அடுத்த ஆண்டிலேயே ஆண்டிராய்டு வகைக் கருவியும் வந்தது. அதன் பின்னர்ச் சில ஆண்டுகளில் திறன்பேசி உலகமெங்கும் பரவிற்று. 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், டிரானிக்கின் சோதனை சிறு மாற்றத்துடன் மீண்டும் செய்யப்பட்டது. ஏழு திங்கள் முதல் இரண்டு வயதுக்கு உட்பட்ட 50 குழந்தைகளின் தாய்மார், முகத்தை அசையாது வைப்பதற்கு மாறாக, கைப்பேசியை நோக்கிக்கொண்டிருந்தனர். அப்பொழுது குழந்தைகள் வருத்தம் மிகுந்தனர். எதிரிலிருந்த விளையாட்டுப் பொருள்களை நாடுவதும் குறைந்தது. நாள்தோறும் கைப்பேசியை மிகுதியாகப் பயன்படுத்துவதாகக் கூறிய தாய்மாரின் குழந்தைகள், தாய் மீண்டும் விளையாட வந்தபின் பழைய மகிழ்ச்சியை அடைவதில் பின்தங்கினர்.

மொழி கற்றலைப் பற்றிய ஆய்வொன்று 2017 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 38 தாய்மார் தம் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய சொற்கள் இரண்டைக் கற்பித்தனர். ஒரு சொல்லைக் கற்பிக்கும்பொழுது இடையூறு எதுவும் இல்லை. மற்றொரு சொல்லைக் கற்பிக்கும்பொழுது இடையே கைப்பேசி ஒலித்தது. தாய் பேசி முடித்துவிட்டு மீண்டும் கற்பித்தாள். இரு சொற்களையும் குழந்தை கேட்ட அளவில் வேறுபாடு இல்லை. ஆயினும் இடையூறின்றிக் கற்பித்த சொல்லைக் குழந்தைகள் கற்றனர். இடையே அறுபட்டுக் கற்பித்த சொல்லைக் கற்கவில்லை. பானையில் நூல் இழை போல் ஓர் விரிசல் விழுந்தாலும் நீர் நில்லாது ஒழுகிவிடும் அன்றோ? கற்பித்தலில் விழும் விரிசலும் அத்தகையதே.

பெற்றோர் தம் கைப்பேசியில் ஆழ்ந்திருக்கும் நேரம் சண்டைக்கும் இடமாகின்றது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பகுதியின் உணவு விடுதிகளில் குழந்தைகளோடு உண்ண வந்த 55 பெரியவர்களை ஆய்வாளர் உற்று நோக்கினர். அவருள் 40 பேர் உணவு வேளையில் கைப்பேசியைப் பயன்படுத்தினர். சில குழந்தைகள் ஒன்றும் பேசாமல் உண்டனர். வேறு சிலர், பெரியவர் கவனத்தைத் தம்பால் ஈர்ப்பதற்காகக் குறும்பு செய்தனர். கருவியில் மிகவும் ஆழ்ந்திருந்த பெரியவர் அக்குறும்புக்குக் கடிந்து பேசினர். 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வு, குறும்பு என்று பெரியவர் கருதுவது பல வேளைகளில் 'என்னைப் பார்' என்னும் வேண்டுகோளே என்பதை எண்ணச் செய்கின்றது.

அன்றைய வேலையும் இன்றைய கருவியும்

'பண்டைக் காலத்துப் பெற்றோர் மட்டும் எந்நேரமும் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டா இருந்தனர்? அவர்களுக்கும் வேலை இருந்ததன்றோ?' என்று ஒருவர் வினவலாம். அது தக்க வினாவே. அம்மியில் அரைத்த தாயும், ஆட்டுக்கல்லில் மாவாட்டிய பாட்டியும், நாற்று நட்ட பெண்ணும், தறியில் நெய்த தந்தையும் ஓய்வின்றி உழைத்தனர். ஆனால் அவ்வேலைகள் கையைப் பிடித்துக்கொண்டனவே தவிர முகத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. மாவாட்டும் பாட்டி கதை சொல்லலாம். கேள்விக்கு விடை கூறலாம். குழந்தை சுட்டிய அணிற்பிள்ளையை நிமிர்ந்து பார்க்கலாம். கைப்பேசியோ கையைச் சிறிதளவே பற்றுகின்றது; கண்ணையும் காதையும் கருத்தையும் முற்றும் கவர்ந்துகொள்கின்றது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. பழைய வேலைகள் குழந்தையின் கண்ணுக்குப் புலனாயின. தாய் சோறு சமைப்பதைக் கண்ட சிறுமி மணலில் சிறுசோறு ஆக்கினாள். வீடு கட்டுவதைக் கண்டு சிற்றில் இழைத்தாள். தேரோட்டம் கண்ட சிறுவன் சிறுதேர் உருட்டினான். பெரியவர் வேலையே சிறுவர் விளையாட்டாயிற்று. கைப்பேசியில் தந்தை என்ன செய்கின்றார் என்பதைக் குழந்தை எங்ஙனம் அறியும்? அவர் கடன் தவணை கட்டலாம். உறவினர் மறைவுச் செய்தியைப் படிக்கலாம். வெறும் வேடிக்கை பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் முகம் ஒன்றே. குனிந்த நிலையும் ஒன்றே. அங்கே குழந்தை கற்பதற்கு அக்குனிந்த நிலையன்றி வேறொன்றும் இல்லை. ஆதலாலன்றோ பேசத் தெரியாத குழந்தையும் கையிற் கிடைத்த மரத்துண்டைக் காதில் வைத்துக்கொண்டு நடக்கின்றது!

விட முடியாமைக்குக் காரணம்

பெற்றோர்க்குப் பிள்ளைமேல் அன்பில்லை என்று கூறுதல் பொருந்தாது. அன்புடையோரும் கருவியை விட முடியாமல் தவிக்கின்றனர். அதற்குக் காரணம் கருவியின் அமைப்பிலேயே உள்ளது. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. நூலுக்கு முடிவு உண்டு. கைப்பேசித் திரையிலோ விரலால் தள்ளத் தள்ளப் புதியவை மேலெழுந்துகொண்டே இருக்கின்றன. போதும் என்று சொல்லும் எல்லைக்கல் அங்கே இல்லை.

பி. எப். ஸ்கின்னர் என்னும் அறிஞர் புறாக்களைக் கொண்டு சோதனைகள் செய்தார். கொத்துந்தோறும் தவறாது தீனி கிடைக்கும் புறா, தீனி நின்றவுடன் விரைவில் கொத்துவதை நிறுத்திவிடும். எப்பொழுது கிடைக்கும் என்று தெரியாதவாறு தீனி பெற்ற புறாவோ சலியாமல் கொத்திக்கொண்டே இருக்கும். கைப்பேசியிலும் ஒரு முறை பார்த்தால் ஒன்றும் இல்லை. மறுமுறை பார்த்தால் நல்ல செய்தி வந்திருக்கும். வருமோ வாராதோ என்னும் அந்த ஐயமே மனிதன் கையை மீண்டும் மீண்டும் கருவியிடம் செலுத்துகின்றது. இவ்வியல்பை அறிந்துகொள்வது பழி கூறுவதற்கன்று; விழிப்போடு இருப்பதற்கே ஆகும்.

கருவி செய்யும் நன்மை

கைப்பேசியைக் குற்றமே உருவானது என்று ஒதுக்குவதும் நேர்மை ஆகாது. வளைகுடா நாடுகளில் பணி புரியும் தமிழ்த் தந்தையர் பலர். ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டாண்டுக்கு ஒரு முறையோ ஊர் திரும்பும் அவர்கள், கடல் கடந்து தம் பிள்ளையின் முகம் காண்பது இக்கருவியால் அன்றோ? முற்காலத்தில் கடிதம் ஒன்றே துணையாயிருந்தது. படிக்கத் தெரியாத மழலைக்குக் கடிதத்தால் என்ன பயன்? இன்று தந்தை திரையில் தோன்றி, "என்ன சாப்பிட்டாய், தங்கம்?" என்று கேட்கின்றார், குழந்தை இட்டிலியைக் காட்டுகின்றது.

ஈண்டும் ஆய்வுகள் ஒரு நுட்பத்தைக் காட்டுகின்றன. 2003 ஆம் ஆண்டில் பெட்ரீசியா கூல் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது திங்கள் நிரம்பிய அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுவோர் 12 முறை நேரில் கதை சொல்லி விளையாடினர். அக்குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாட்டை உணரக் கற்றனர். அதே பேச்சைப் படப்பதிவில் மட்டும் கண்டு கேட்ட குழந்தைகள் கற்கவில்லை. 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகளுக்குத் திரையில் தோன்றியவர் நேரடியாக உரையாடிச் சொல் கற்பித்தபொழுது அவர்கள் கற்றனர். பதிவு செய்த படத்தைக் கண்டவர்கள் கற்கவில்லை. உரையாடியவர் குழந்தை சொன்னதற்கு உடனுக்குடன் மறுமொழி தந்தார்; பதிவுப் படம் மறுமொழி தரவில்லை. வேறுபாடு அதுவே.

இவற்றால் பெறப்படுவது யாது? குழந்தைக்கு வேண்டியது மறுமொழி. கடலுக்கு அப்பால் இருந்தும் மறுமொழி தரும் தந்தை அருகில் இருக்கின்றார். திண்ணையில் இருந்தும் மறுமொழி தாராத தந்தை தொலைவில் இருக்கின்றார். சேய்மையைக் குறைத்த கருவியே அண்மையையும் குறைத்துவிடலாகாது.

குழந்தைகள் எழுப்பிய குரல்

2018 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் செருமனி நாட்டு ஹாம்பர்க் நகரில் புதுமையான ஊர்வலம் ஒன்று நடைபெற்றது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தன் பெற்றோர் துணையோடு அதனை ஏற்பாடு செய்தான். பெற்றோர் கைப்பேசியோடு விளையாடாமல் தங்களோடு விளையாட வேண்டும் என்பதே ஊர்வலத்தின் கோரிக்கை. குழந்தைகளும் பெற்றோருமாக ஏறத்தாழ 150 பேர் தெருவில் நடந்தனர். ஊதியம் வேண்டியும் உரிமை வேண்டியும் பெரியோர் ஊர்வலம் செல்வதை உலகம் கண்டிருக்கின்றது. தாய் தந்தையர் முகம் வேண்டிக் குழந்தைகள் ஊர்வலம் செல்லும் காலமும் வந்தது!

அதே ஆண்டுக் கோடையில் அந்நாட்டின் உயிர்காப்புச் சங்கத்தார் வேறோர் எச்சரிக்கையும் விடுத்தனர். நீச்சல் இடங்களில் பெற்றோர் கைப்பேசியில் ஆழ்ந்து, நீரில் உள்ள குழந்தைகளைக் கவனியாது விடுகின்றனர் என்று அவர்கள் வருந்திக் கூறினர். நீரில் மூழ்கும் சிறு குழந்தை பெரும்பாலும் கூக்குரல் இடுவதில்லை, ஓசையின்றியே மூழ்கிவிடும். ஆற்றங்கரையும் குளக்கரையும் நீர்த்தொட்டியும் உள்ள எந்நாட்டவர்க்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும். கவனம் என்பது அன்பின் அணிகலன் மட்டும் அன்று. உயிரின் வேலியும் ஆகும்.

செய்யத்தக்கன

இனிச் செய்யத்தக்கன யாவை? நாள் முழுவதும் குழந்தையின் முகத்தையே நோக்கியிருத்தல் இயலாது, தேவையும் இல்லை. குழந்தை தனித்து விளையாடவும் பழகல் வேண்டும். மிகுந்த அன்புடைய தாயும் சேயுங்கூட எப்பொழுதும் ஒத்திசைந்து இருப்பதில்லை என்றும், அறுபட்ட இணக்கத்தை மீண்டும் கூட்டிக்கொள்வதிலேயே உறவின் உறுதி உள்ளது என்றும் டிரானிக் கூறுவர். ஆதலின், ஒருநாள் கவனம் தவறிய பெற்றோர் உள்ளம் உடைதல் வேண்டா. மறுமுறை முகம் திருப்பினால் போதும்.

ஆயினும் சில வேளைகளைக் குழந்தைக்கே உரியனவாக ஒதுக்குதல் நலம். உணவூட்டும் வேளை, நீராட்டும் வேளை, உறங்கச் செய்யும் வேளை, வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் முதல் வேளை ஆகிய இந்நான்கிலும் கைப்பேசியை எட்டாத மாடத்தில் வைத்துவிடலாம். கட்டாயம் பேச வேண்டிய அழைப்பு வந்தால், "அப்பாவுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு, பேசிவிட்டு வருகிறேன்" என்று குழந்தையின் முகம் நோக்கிச் சொல்லிவிட்டு எழலாம். சொன்னபடி திரும்பி வருதல் அதனினும் முதன்மையானது. திரையில் செய்வது இன்னது என்று வாய்விட்டுக் கூறினால், குழந்தைக்கு அக்கருவியும் ஒரு வேலைக் கருவியாய் விளங்கும்.

அழுகின்ற குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து அடக்கும் வழக்கமும் நீங்குதல் வேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரைமுன் அமரும் பழக்கம் வேண்டா என்றும், அதற்கு மேற்பட்டு ஐந்து வயதுக்கு உட்பட்டோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அமர்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் குழந்தைக்குக் கதை சொல்வதும் நூல் படித்துக் காட்டுவதும் சிறந்தவை என்றும் அந்நிறுவனம் கூறிற்று. கதை சொல்லும் பாட்டியின் மதிப்பை உலகப் பேரவையும் உணர்ந்தது போலும்!

இப்பொறுப்பு பெற்றோர்க்கு மட்டும் உரியது அன்று. பல வீடுகளில் அண்ணனோ அக்காளோ உண்டு. வேலை மிகுதியால் தாயும் தந்தையும் தளர்ந்திருக்கும் நேரத்தில், தம்பி சுட்டிய பறவையின் பெயரைச் சொல்லவும், தங்கை கேட்ட வினாவுக்கு விடை கூறவும் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு இயலும். அவர் கையிலும் இன்று கைப்பேசி இருக்கின்றது. அவர் முகமும் அதில் கவிகின்றது. வீட்டில் பிறரைக் குறை கூறுமுன் தம் தலையை ஒரு முறை நிமிர்த்துதல் அவர்க்கு அழகாகும். இன்று மழலைக்கு மறுமொழி கூறிப் பழகும் மாணவரே நாளைக்கு நல்ல தாயாகவும் தந்தையாகவும் விளங்குவர்.

முடிவுரை

முற்றத்துக் குழந்தை தந்தையின் முகத்தைத் திருப்பியது. மண் ஒட்டிய மோவாயுடன் தந்தை ஒரு கணம் குழந்தையை நோக்குகின்றார். பின்பு கைப்பேசியைத் திண்ணையின் ஓரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுகின்றார். இருவரும் முற்றத்தில் குந்துகின்றனர். மரவட்டை இன்னும் சுருண்டே கிடக்கின்றது. "தொடாதே அம்மா, சற்றுப் பொறு" என்கின்றார் தந்தை. இருவரும் பொறுத்திருக்கின்றனர். சிறிது நேரத்தில் அது மெல்ல நீண்டு, எண்ணற்ற கால்களால் ஊர்ந்து செல்லத் தொடங்குகின்றது. குழந்தை மரவட்டையைப் பார்க்கவில்லை. தந்தையும் அதைக் கண்டாரா என்று அவர் முகத்தைப் பார்க்கின்றது.

அவர் கண்டார். அக்குழந்தை வேண்டியது அவ்வளவே. அதற்கு ஆன பொழுது சில மணித்துளிகளே. திரையில் வந்த செய்தி எதுவாயினும் அது மறுநாளும் அங்கே இருக்கும். இரண்டு வயது மட்டும் மறுமுறை வாராது.